பன்னிரண்டு வோல்ட்

தடைக்காலத்தின் ஒன்பதாம் நாள்
பெட்டிக்கு உயிர் வந்தது.
பைபர் வள்ளம் கட்டியவர்கள் மீதம் விட்ட பிளைவுட்,
மூடிப்போன பிரவுசிங் சென்டரின் திரை,
ஆட்டோவில் கழற்றிய இரண்டு ஸ்பீக்கர்,
கூரியரில் வந்த ஆறு பொத்தான்.
தங்கச்சிமடத்தில் இதற்கு முன்
நின்றுகொண்டு விளையாடும் பெட்டியை யாரும் செய்ததில்லை
என்றாள் டெல்பின்.
செய்ய என்ன அவசியம் என்றும்.

ஆம்ப்ளிபயர் உள்ளங்கை அளவு.
கம்ப்யூட்டரின் மஞ்சள் வயர் பன்னிரண்டு வோல்ட்,
கறுப்பு வயர் தரை.
கையெட்டும் தூரத்தில் கரண்ட் இருக்க
வேறெங்கே போவேன், அதிலேயே கொடுத்தேன்.
முனகியது.

முனகலுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது.
திரையில் வெள்ளை கூடினால் சுருதி ஏறும்.
வீரன் குதித்தால் அதுவும் குதிக்கும்.
ஒன்றும் அசையாதபோது
தீப்பெட்டிக்குள் வண்டு.

எக்கோ சவுண்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு.
அடியில் கிடப்பது பாறையா மீனா என்று
இரைச்சலைப் பிரித்துச் சொல்லும் பெட்டிகளைத்
திறந்து மூடுகிறவன்.

போன் சார்ஜரில் கொடுத்துப் பார்த்தேன்.
மெல்லிய சத்தத்துக்குத் தாங்கியது.
ஒரு வெடி வெடித்தால் மூச்சு முட்டி
அணைந்து எரிந்தது.
லேப்டாப் அடாப்டர், பத்தொன்பது வோல்ட்.
பதினெட்டைத் தாண்டாதே என்று
பலகையின் பின்பக்கம் எழுதியிருந்ததை
புகை அடங்கிய பிறகு படித்தேன்.
அடுத்தது வர ஐந்து நாள்.

அந்த ஐந்து நாளில்தான் பிடிபட்டது.
தரை ஒன்றுதான், அதற்குப் போகும் வழி இரண்டு:
பவர் வயரில் ஒன்று,
சத்தம் கொண்டுவரும் வயரின் மேலுறையில் ஒன்று.
இரண்டு வாசல் வைத்த வீட்டில்
காற்று சும்மா இருக்குமா?

ரெமிஜியுஸ் பேட்டரியைத் தோளில் தூக்கி வந்தார்.
விசைப்படகில் வயர்லெஸ்சுக்குப் போட்டிருந்தது.
"சும்மா கெடந்தா செத்துரும். நீ ஓட்டிக்க.
பதினாலு ராத்திரி வந்து எடுத்துக்கிறேன்."
உப்புப் பூத்த முனைகளைச்
சுடுதண்ணீர் விட்டுத் துடைத்தேன்.
கம்ப்யூட்டர் விழித்தால் தானும் விழிக்கட்டும் என்று
நடுவில் ஒரு ரிலே.
டிக்.

முனகல் இல்லை.
படகில் இருந்த பேட்டரி,
யாருடைய தரையும் அதற்குத் தேவைப்படவில்லை.

சாயங்காலம் தெருப் பையன்கள் ஏழு பேர்.
முழுச் சத்தத்தில் மெஷின் கன்.
ஒவ்வொரு குண்டும் தனித்தனியாக,
விழுகிற தோட்டா உறையின் கிணுங்கல் வரை.
நான்தான் அதிகம் சிரித்தேன்.

சைக்கிளை ஸ்டாண்ட் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு
ரெமிஜியுஸ் உள்ளே வந்தார்.
திரையைப் பார்க்கவில்லை, பேட்டரியைப் பார்த்தார்.
"இதுலயா ஓடுது?"
"இதுலதான்."
"இவ்வளவு தெளிவாவா கேக்கணும்?"

அந்த மார்ச் மாதம்
கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
இன்றும் வழக்கு நடக்கும் இடத்திலிருந்து
அவர் குரலைக் கரைக்குக் கொண்டுவந்தது
இந்தப் பேட்டரி.
இங்கே என் மேசையில் பாதிதான் கேட்டது.
மீதி இரைச்சல்.

குமிழைத் திருகினேன்.
பையன்கள் போய்விட்டார்கள்.

அதன் பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல் வருவார்.
சத்தத்தைப் பூஜ்ஜியத்தில் வைத்து விளையாடுவார்.
பொத்தான் தட்டும் ஓசை மட்டும்,
நண்டு ஓடு உடைப்பது போல.
நன்றாகவே சுட்டார்.
ஒருநாள் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்:
ஒன்றும் பேசாத ஆம்ப்ளிபயர்
நாற்பது மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தது.

பதினாலாம் தேதி முனைகளை அவரே கழற்றினார்.
"நல்லா வச்சிருக்க" என்றார்.
"அந்த வெடிக்குப் பதிலா வேற ஏதாவது போடேன்."
"என்ன போட?"
"எனக்கென்ன தெரியும். நீதான சத்தக்காரன்."
விடியுமுன் படகுகள் போய்விட்டன.

ராமநாதபுரத்தில் சொல்லியிருந்த டிரான்ஸ்பார்மர்
செவ்வாய்க்கிழமை வந்தது.
ஆம்ப்ளிபயருக்கு மட்டும், தனியாக.
வெடியை இன்னும் மாற்றவில்லை.
லேசாக முனகுகிறது.
பெரிய கண்டென்சர் ஒன்று போட்டால் போய்விடும்,
மேசை டிராயரில்தான் இருக்கிறது.
இன்னும் போடவில்லை.