நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்

கந்தப்பளையில் கரட் மூட்டையில்
ஐம்பது கிலோ என்று எழுதியிருக்கும்.
கழுவிய ஈரத்தோடு ஐம்பத்தைந்து.
தம்புள்ளை லொறிக்கு ஓர் இரவில் எண்பது மூட்டை.
கணக்கில் நான் கெட்டி.
முதுகு தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தது,
அதை யாரும் எனக்குக் காட்டவில்லை.

முதலில் வலித்தது முதுகே இல்லை.
இடது குண்டியில் தொடங்கி
கெண்டைக்கால் வழியே பெருவிரல் மட்டும்
சுட்ட கம்பியை இழுத்த மாதிரி.
தும்மினால் கண்ணில் தண்ணீர்.
காலில் வலிக்கிறவன் காலைத்தானே தடவுவான்?
மூன்று மாதம் காலுக்கே எண்ணெய் போட்டேன்.
மாசிலாமணி வந்து சுளுக்கு வழித்தார், ஆயிரம் ரூபாய்.
அன்றிரவு லயத்துப் படிகளை
உட்கார்ந்தபடியே இறங்கினேன்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற மிஸ்
குப்புறப் போட்டு நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னார்.
"நிறையப் பேருக்குக் கத்தியில்லாமலே அடங்கிரும், பொறுங்க."
அந்த நிறையப் பேரில் ஒருவனாக
ஆறு வாரம் முயன்றேன்.
பக்கத்துப் பாயில் கிடந்த தபால்காரருக்கு
அடங்கியேவிட்டது.

பிறகு அந்த மழை நாள்.
பின்னால் ஏறி வந்த யோகவதி கேட்டாள்:
"ஒத்தச் செருப்ப எங்க விட்டீங்க?"
குனிந்து பார்த்தேன்.
இடது கால் வெறுங்காலாகச் சேற்றில் நின்றது.
எத்தனை படிக்கு முன்னால் கழன்றதோ,
கால் எனக்குச் சொல்லவில்லை.
வலியைவிட அதற்குத்தான் பயந்தேன்.

கண்டியில் ஒரு குழாய்க்குள் படுக்கவைத்துப் படமெடுத்தார்கள்.
அரைமணி நேரம் தகரத்தில் ஆலங்கட்டி விழுந்தது.
படத்தை வெளிச்சத்தில் பிடித்து
வைத்தியர் அபேகோன், தன் தமிழில்:
"நாலு, அஞ்சு, நடுவில வட்டி விலகியிருக்கு."
என் சட்டைப் பையில் இரண்டு அடகு ரசீது.
"வட்டி விலகினா நல்லதுதானே, சேர்?"
நர்ஸ் சிரித்துவிட்டு, வட்டு என்று திருத்தினாள்.
எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தையாம்.
மெத்தை கிழிந்து, உள்ளே இருந்தது பிதுங்கி,
காலுக்கு இறங்கும் நரம்பை நெரிக்கிறதாம்.
எனக்கென்னவோ வட்டி என்பதே சரியாகப் பட்டது.
இருபத்திரண்டு வருட முதலுக்கு.

கீறிப் பிளப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.
சட்டைப் பொத்தான் துவாரம் போதும் என்றார்.
மரத்துப்போக ஊசி. முழு மயக்கம் இல்லை.
குப்புறக் கிடந்து திரையில் பார்த்தேன்:
தண்ணீர் ஓடும் சிவந்த குகை,
அதற்குள் வெள்ளையாக, மெல்லத் துடித்தபடி,
தடித்த நூல் ஒன்று.
"அது ஒங்க நரம்பு. கால ஆட்டுங்க."
ஆட்டினேன்.
சுட்ட கம்பியை யாரோ உருவி எடுத்தார்கள்.
பெருவிரல் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது,
இன்னும் அரைத் தூக்கம்தான்.

எடுத்ததைப் போத்தலில் காட்டினார்கள்.
நண்டுச் சதை போல நாலு துணுக்கு.
இதுவா?
என்னைப் படியில் உட்காரவைத்தது இதுவா?

மறுநாள் நடந்தே வார்ட்டை விட்டு வந்தேன்.
துண்டில் எழுதியிருந்தது:
ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது.
முதலாளி இரண்டு தரம் வாசித்தார்.
"அஞ்சு கிலோ மூட்டைக்கு நான் எங்க போக?"
இப்போது தராசடியில் கொப்பியோடு நிற்கிறேன், பாதிச் சம்பளம்.
ஐம்பது என்று எழுதச் சொல்கிறார்.
ஐம்பத்தைந்து என்று எழுதுகிறேன்.
எத்தனை நாளைக்கோ.

யோகவதியும் கொழுந்து மலையிலிருந்து
இடுப்பைப் பிடித்தபடிதான் இறங்குகிறாள்.
அவளுக்கு இன்னும் யாரும் படமெடுக்கவில்லை.
பொழுதுபட்டு அவள் படியேறும்போது
ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்:
வலது செருப்பு.
இடது செருப்பு.
வலது.