உப்புக் கணக்கு

இரவு இரண்டு மணி.
மாதா கோயில் கோபுரத்தில் இரண்டு கடிகாரங்கள்:
ஒன்று ஊருக்கு,
ஒன்று சாத்தானை ஏமாற்ற.
எங்கள் மீட்டருக்கு ஏமாற்றத் தெரியாது.
மூவாயிரம் பேர் தூங்கும் ஊரில்
வினாடிக்கு இரண்டு லிட்டர்
விழித்திருக்கிறது என்கிறது.

நான் வண்டி ஓட்டுகிறவன், பெயர் விஸ்தீன்.
நீர்வாரியத்தில் பதினாறு வருஷம்.
பவ்லீனாதான் காது.
இரும்புக் கம்பியின் ஒரு முனை வால்வில்,
மறுமுனை அவள் காதுக்குழியில்.
"மூச்சு விடாதே" என்கிறாள்.
என் மூச்சும் அவளுக்கு ஒரு கசிவு.

பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரம்.
பதினேழாம் எண் வீட்டில் பழைய ஃப்ரிட்ஜ்.
யாரோ எழுந்து அரைத் தம்ளர் குடித்து
மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டுப்
படுக்கப் போகிறார்கள்.
அந்த அரைத் தம்ளருக்கு
உதட்டைச் சுழிக்கிறாள்.

மால்டாவில் ஆறு கிடையாது.
பாறைக்கு அடியில்
கடலின் முதுகில் ஏறிக்
குழம்பின்மேல் எண்ணெய்போல மிதக்கிறது
நாங்கள் குடிக்கிற நீர்.
மேலே ஒரு முழம் இறங்கினால்
கீழே நாற்பது முழம் ஏறும் கடல்.
இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது
ஒரு பையன் கேட்டான்:
"கடலுக்கு யார் சொன்னது,
நாம் எடுத்துவிட்டோம் என்று?"
பதில் இல்லை என்னிடம்.

மாதம் ஒருமுறை சுரங்கத்தில் இறங்குவோம்.
படிகளை நான் எண்ணுவேன்; அவள் எண்ண மாட்டாள்.
கீழே இருட்டில் கருவியை நனைத்து
உப்பின் அளவைச் சிலேட்டில் எழுதுவாள்.
போன கோடையில் அந்த எண்
மூன்று மாதம் ஏறிக்கொண்டே போனது.
அதற்குப் பிறகுதான் வாரியம்
பாதி பம்புகளை நிறுத்தியது,
சாக்கடை நீரைச் சுத்திகரித்துத்
தக்காளித் தோட்டங்களுக்கு அனுப்பியது.
எங்களை ராத்திரிக்கு மாற்றியது.

இரண்டே முக்காலுக்குக் கிடைத்தது.
மூன்று வாரமாக எங்களுக்குத் தண்ணி காட்டிய தண்ணீர்,
கேப்பர் செடி முளைத்த மதிலுக்குக் கீழே,
பல்லிடுக்கில் சீட்டி அடிப்பதுபோல.
நீலச் சாக்குக்கட்டியால்
தெருவில் பெருக்கல் குறி போட்டேன்.
வீட்டுக்குப் போகலாம் என்று
சாவியைத் திருகியவனை
அவள் கை நிறுத்தியது.

"இன்னொன்று."

"நம் குழாயிலா?"

"நம் குழாய்க்கும் கீழே.
கசிவு பேசும், விஸ்தீன். இது முனகுகிறது."

கம்பியோடு நடந்தாள்.
ஒவ்வொரு நடைபாதைக் கல்லிலும் ஊன்றி,
ஏற்றத்தில் ஏறி,
பச்சைக் கதவு போட்ட கராஜ் முன்னால் நின்றாள்.
உள்ளே, யாருக்கும் சொல்லாமல் போட்ட ஆழ்துளைக் கிணறு
தூக்கத்தில் குடிப்பதுபோலக் குடித்துக்கொண்டிருந்தது.
பின்னால் விடுதியின் நீச்சல்குளத்தில்
நீல விளக்கு.

ஸ்பீருவின் வீடு.
அவள் தங்கையின் கணவன்.
ஞாயிறுதோறும் முயல் குழம்பு அங்கேதான்.
அவள் புருஷன் செத்த வருஷம்
வாடகை கட்டியவனும் அவன்தான்.

"உப்புத் தின்ற வீடு," என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
எனக்கில்லை, கம்பிக்குச் சொல்வதுபோல:
"அந்த உப்புதான் கீழே ஏறுகிறது."

மணி என்ன என்று கேட்டாள்.
கோபுரத்தைப் பார்த்தேன்.
எந்தக் கடிகாரம் எங்களுக்கு என்று
அந்த நிமிஷம் மறந்துபோனது.

வண்டி விளக்கில் படிவம் நிரப்பினாள்.
'கண்டறிந்தவர்' என்ற இடத்தில்
வாரியம் என்று எழுதினால் போதும்.
எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம்.
அவள் தன் முழுப்பெயரை எழுதினாள்,
அப்பா பெயரும் சேர்த்து,
பேனா அழுந்தி மறுபக்கம் தெரிய.

ஞாயிறன்று அங்கே போனாளாம்,
பாதாம் கேக்கோடு.
கதவு திறந்ததா என்று
நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.
திங்கட்கிழமை வண்டியில்
கேக் டப்பா பின்சீட்டில் கிடந்தது.
காலியா என்று தூக்கிப் பார்க்க
எனக்குத் தைரியம் வரவில்லை.

சுரங்கத்தில் இறங்கினோம்.
கருவியை நனைத்தாள், காத்திருந்தாள்.
போன மாதம் இருந்த அதே எண்.
குறையவில்லை.
ஏறவும் இல்லை.

பழைய எண்ணை அப்படியே விட்டிருக்கலாம்.
அழித்துவிட்டு
அதையே மறுபடி எழுதினாள்.