குதிரைக்கு ஒரு முளை

எனக்குப் பின் இந்தக் கம்பத்தில் ஏறப்போகிறவரே,
பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன் இதை.
மழை இங்கே நுழையாது.
நுழைந்திருந்தால் முதலில் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள்,
பிறகு படியுங்கள்.

ஊர் ஹா மொலிசே. லெசோத்தோவில்
மேகத்துக்குப் பக்கத்து வீடு.
கீழே மருத்துவ நிலையம், மேட்டில் ரேடியோ,
நடுவே அறுபத்திரண்டு மீட்டர் கறுப்புக் கேபிள்.
முன்பு இழுத்திருந்தது சாம்பல் நிறம்,
வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை.
இரண்டு கோடையில் தோல் வெடித்துச்
செம்பு தெரிந்தது.

எட்டு இழைகள்.
ஆரஞ்சும் பச்சையும் பேச்சைச் சுமக்கும்.
நீலமும் பழுப்பும் சோறு.
ஒரே உறைக்குள் பேச்சும் சோறும்
ஒன்றின் மேல் ஒன்று சிந்தாமல் மேடேறுவதை
நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.
பதினெட்டு வருடமாக அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

கீழே இருபத்துநான்கு வோல்ட் ஊட்டினால்
மேலே போய்ச் சேர்வது இருபத்தொன்று.
மீதியை வழி தின்றுவிடும். கணக்கில் வையுங்கள்.
நாற்பத்தெட்டை மட்டும் ஊட்டவே ஊட்டாதீர்கள்.
அலமாரியில் இரண்டு ஊட்டிகளும்
ஒரே கறுப்பு, ஒரே பருமன்.
லெபோனா மாற்றிச் செருகிய மாலை
ரேடியோ ஒரு இருமல்கூட இருமாமல் போய்ச் சேர்ந்தது.
பெரியதின் மேல் உள்ள சிவப்பு நகப்பூச்சு அதற்காக.
பூச்சு நர்ஸ் மாலெராட்டோவுடையது.
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

குதிரை விஷயத்துக்கு வருகிறேன்.

நவம்பரில் இடி.
மின்னல் எங்கள் கம்பத்தைத் தொடவே இல்லை,
எதிர்மேட்டில் விழுந்தது.
நீளமான கேபிள் அப்படித்தான்,
யார் வீட்டுச் சண்டையையும்
தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ளும்.
ரேடியோ போனது. ஸ்விட்ச் போனது.
கீழே மடிக்கணினியும், அதற்குள்
நாற்பது குழந்தைகளின் தடுப்பூசிக் கணக்கும்.

தடுப்பான் இருந்தது. இரண்டு முனையிலும்.
அதிலிருந்து இறங்கும் தரைக்கம்பியும் இருந்தது.
கம்பியின் நுனியில் இருக்கவேண்டிய தரைமுளைதான்
பாதி பிடுங்கப்பட்டு, சாய்ந்து,
ஒரு குதிரையோடு நின்றது.

ரமைலி போர்வைக்குள்ளிருந்து கேட்டார்:
ஆளுயர இரும்பை மண்ணில் இறக்கி
தலையை மட்டும் வெளியே விட்டால்
குதிரைக்கு இல்லாமல் வேறு எதற்கு?

வானத்துக்கு, என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார்.
குதிரையைப் பார்த்தார்.
உன் வானம் எவ்வளவு இழுக்கும்?

அதற்கு ஓம் கணக்கில் பதில் உண்டு.
சொல்லவில்லை.

மறுநாள் இரண்டு முளை அடித்தோம்.
முதலில் குதிரைக்கு, அது அவருடைய நிபந்தனை.
மூன்றடிக்குக் கீழே பாறை,
சம்மட்டி துள்ளித் திரும்பியது.
என்னுடையதைச் சாய்த்து இறக்கி
கரியும் உப்பும் போட்டு மூடினோம்.
மீட்டர் நாற்பதிலிருந்து பதினொன்றுக்கு வந்தது.
ரமைலிக்கு மீட்டர் தேவைப்படவில்லை.
குதிரையைக் கட்டிவிட்டு அதன் பின்னங்காலருகே தட்டினார்.
அவர் முளை அசையவில்லை.

நாற்பது வீட்டுக்கும் நடந்து போய்
அட்டைகளைப் பார்த்து எழுதி வந்தாள் மாலெராட்டோ.
முப்பத்தேழு கிடைத்தன.

பிப்ரவரியில் மறுபடி விழுந்தது, இன்னும் பக்கத்தில்.
ஏறிப் பார்த்தேன்.
தடுப்பானுக்குள் பட்டாணி அளவு வாயுக்குப்பி
கறுத்துக் கிடந்தது.
ரேடியோவில் பச்சை விளக்கு,
ஒன்றும் நடக்காதது போல.
கொஞ்சம் கோபம்கூட வந்தது அதன் மேல்.

மாற்றுக் குப்பிகள் நாலு, மாவுப் பையில்.
கேபிளைப் பெட்டிக்குள் நுழைக்கும்முன்
கீழே ஒரு தொங்கல் விடுங்கள்,
தண்ணீர் அதன் அடியில் சொட்டிப் போகட்டும்.

ஏறும்முன் இரண்டு முளையையும் பாருங்கள்.
சில நாள் அவர் மறந்துவிடுகிறார்,
அல்லது அதற்கு என்னுடையதுதான் பிடித்திருக்கிறது.
அவிழ்த்துப் பக்கத்தில் கட்டுங்கள்.
பெயர் புட்ஸ்வா. கடிக்கும்.