பதினேழாவது பொத்தான்

கில்லிமர் துறையில் கார்களை ஏற்றி
முன்தட்டைத் தூக்கினால்
அக்கரை டார்பர்ட் வர இருபது நிமிடம்.
சீட்டுக் கிழித்தது போக மிஞ்சும் பன்னிரண்டில்
கற்றேன்,
மிதவை அங்கிகள் குவிந்த அறையில்,
டீசல் நாற்றத்தில்.

முதல் கன்சர்டினா தபாலில் வந்தது.
சிவப்புப் பிளாஸ்டிக். ஆறு பக்கம். முப்பது பொத்தான்.
அட்டை மணக்கும் துருத்தி.
அழுத்தினால் ஒரு சுரம்,
அதே பொத்தானை இழுத்தால் வேறொன்று.
வரும்போது ஒரு பேர், போகும்போது ஒரு பேர்
சொல்கிற ஆளை
எந்தக் கணக்கில் எழுதுவது?

"நாய்க்குத் தொண்டையில் முள்ளா?"
இயந்திர அறையிலிருந்து லோர்கன்.
காதில் பஞ்சு வைத்து
அதன்மேல் கம்பளித் தொப்பியும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

பதினேழாவது பொத்தான்
உள்ளே போனால் திரும்பாது.
நகத்தால் நெம்ப வேண்டும்.
ஷானன் ஆற்றில் மழை இறங்கும் நாளில்
டிக் என்று ஒரு சத்தம் வேறு,
சுரத்துக்கு அரை நொடி முன்பே.
நெம்பி நெம்பி
நான் வாசித்த ஜிக் எல்லாம் நொண்டின.
கருவி சரியில்லை என்றேன்.
நாலு வருடம் சொன்னேன்,
கேட்காதவர்களிடமும்.

ஞாயிற்றுக்கிழமை இரட்டைக் கூலி,
விற்ற சைக்கிள்,
கைவிட்ட ஒரு பல் வைத்தியம்.
எனிஸ்டைமனில் ஓர்லா பட்டறையில்
பேர் பதிந்து இரண்டு குளிர்காலம்.
பழையதைத் தந்தால் நூற்றைம்பது யூரோ கழிவு என்றாள்.
தந்தேன்.
பெட்டியின் கைப்பிடியை மட்டும்
கொஞ்சம் தாமதமாக விட்டேன்.

புதியது கருமரம், ஆட்டுத்தோல் துருத்தி,
எஃகு நாக்குகள்.
விரல் நினைத்ததும் பேசிவிடுகிறது.
பழைய பழக்கத்தில் முரட்டுத்தனமாக இழுத்தேன்,
அறையே திடுக்கிட்டது.
அதே ஜிக். அதே இடம். அதே நொண்டல்.
லோர்கன் பஞ்சை எடுத்துவிட்டு வந்து நின்றான்:
"நல்ல சாமான்தான்.
தப்பு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
எனக்கோ
கூடத்தையே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்டோபரில் ஒரு வியாழன், கில்ரஷ் பப்பில்
ஃபிடில்காரர்களுக்குப் பின்னால்
ரொட்டி வண்டி ஓட்டும் ஒருவன்,
சட்டைக்கையில் இன்னும் மாவு.
மடியில் சிவப்புப் பிளாஸ்டிக்.
டிக்.
மேசைக்கடியில் என் நகம்
தானாக எழுந்தது.

அவன் நெம்பவில்லை.
ஒரே ஒரு முறைதான் அந்த டிக்.
அடுத்த சுற்றில் அதே சுரம்
சுத்தமாக வந்தது,
வேறெங்கிருந்தோ.
பாட்டு முடியும்வரை அவன் கைகளையே பார்த்திருந்தேன்.
என் பியர் சூடேறிவிட்டது.

மறுநாள் முதல் படகு, ஏழு மணி.
பால் லாரி ஒன்று, இரண்டு கார்.
சீட்டுக் கிழிக்குமுன் பெட்டியைத் திறந்தேன்.
இடக்கை, மேல் வரிசை, இழுக்கும்போது:
அங்கேதான் இருந்தது,
ஆறு வருடம் நான் போகாத மூலையில்.
சிவப்பிலும் இருந்திருக்கும்.

லாரிக்காரன் கண்ணாடியைத் தட்டினான்.
இருடா என்றேன்.