காக்கைக் கழுத்து

கொட்டங்காய் இலை பழுக்கையில்
முதலில் நரம்போரம் மஞ்சள் ஏறும்,
பிறகு ஈரலின் நிறம்,
விழும்போது உள்ளங்கை அகலச் சிவப்பு.
வெள்ளவத்தைத் தண்டவாளத்தோரம்
காலை ஐந்தரைக்கே பொறுக்குகிறேன்,
மாநகரசபைத் தும்புத்தடி வந்து சேருமுன்.
உரப்பை ஒன்று நிறைந்தால் ஆறு முழத்துக்குச் சாயம்.
அளுத்கமை ரயிலுக்கு ஒதுங்க வேணும்.
வாசலில் தொங்கி வருகிறவர்கள்
விசரியோ என்று பார்ப்பார்கள்.
நீலச் சேட்டுக்காரன் ஒருவன் மட்டும்
தினமும் கையசைப்பான்.

இலை மட்டும் தருவது
வெறும் தேத்தண்ணி நிறம்.
அது துணியில் நிற்கக் கறள் வேணும்.
கறளுக்கு இங்கே பஞ்சமில்லை:
இந்தக் கரையில் இரும்பு எதுவும்
மூன்று வருசத்துக்கு மேல் இரும்பாய் இருந்ததில்லை.
யன்னல் கொக்கி, ஏசி தாங்கி,
போன மாதம் வாங்கிய பூட்டு,
எல்லாவற்றையும் கடல் இரவில் வந்து
நக்கிவிட்டுப் போகிறது.
ஒட்டுக்கடை ரிஸ்மி
பழைய கிரில் வெட்டும்போது உதிர்வதையெல்லாம்
ஜாம் போத்தலில் சேர்த்துத் தருவான்.
காசு வாங்கமாட்டான்.
"மோட்டார்சைக்கிள் சீற்றுக்கு ஒரு துண்டு
சாயம் போட்டுத் தாங்கோ, போதும்."

தென்னை வினாகிரியில் ஏழு நாள் அந்தக் கறள்.
எட்டாம் நாள்
தேத்தண்ணித் துணியை மெல்ல இறக்கினால்
பத்து எண்ணுமுன் முகம் இருளும்.
கறுப்பில்லை அது.
காகத்தின் தலைக்கும் முதுகுக்கும் நடுவே
ஒரு சாம்பல் இருக்கிறதே, அது.

கறுவாத்தோட்டத்துக் கடையிலிருந்து ஷெனெல் சொன்னாள்:
"அந்தக் காக்கா கலர் பன்னிரண்டு.
எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்."

அந்தக் கிழமை முழுக்கக் கச்சான்.
ஒன்றில் ஊதா ஓடியது.
ஒன்று பாசி பிடித்த சுவர்.
மொட்டைமாடிக் கொடியில் நனைந்த ஒன்றில்
மழை விழுந்த இடமெல்லாம் வெள்ளிக்காசு.
பன்னிரண்டும் பன்னிரண்டு காகம்.

பிறகு நான் பிடிவாதக்காரியானேன்.
போத்தல் தண்ணீர், தராசு, வெப்பமானி,
செட்டியார் தெருவில் நிறுத்து வாங்கிய புது ஆணி.
கொப்பியில் நிமிடக் கணக்கு.
வந்தது.
பன்னிரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால்
ஓரம் எதுவென்று தெரியாதபடி வந்தது.
பள்ளிக்கூடச் சீருடை மாதிரி இருந்தது.
கொடுத்தேன். காசும் வந்தது,
கரண்ட் பில்லும் கட்டியாயிற்று.
இதிலே வருத்தப்பட என்ன இருக்கிறது.

மிஞ்சிய பன்னிரண்டையும்
தண்ணீர்த் தாங்கியோரம் காயப்போட்டிருந்தேன்.
ஒரு காகம் கொடியில் வந்து குந்தியது.
கழுத்தைத் துணியோடு வைத்துப் பார்த்தேன்,
இந்தத் துண்டோடு, அந்தத் துண்டோடு.
அது தலையைச் சரித்தது: ஊதா.
நிமிர்த்தியது: ஈயம்.
கடலைப் பார்த்துத் திரும்பியது,
பெயர் வைக்க முடியாத ஒன்று.
காகமே தன் கழுத்துக்கு ஒத்துவரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தார்
கட்டடக் கமிட்டிச் செயலாளர் அருளையா,
கையில் மூன்றாவது கடிதத்தோடு:
மொட்டைமாடியில் இலை அவிப்பதால்
குடியிருப்போருக்கு மணம், இன்ன பிற.
வாசிக்கத் தொடங்கினார்.
பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வெள்ளிக்காசு விழுந்த துண்டை
இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது எவ்வளவு?"
சொன்னேன்.
"கூடப்போல."
பேசாமல் நின்றேன்.
"மணம் போகுமோ?"
"மழை நாளில் கொஞ்சம் வரும்."

கடிதத்தை நாலாய் மடித்துச்
சேட்டுப் பையில் வைத்தார்.
"அப்ப நூறு ரூபா குறையுங்கோ."