சாவி கவனம்

முதலில் சொட்டு.
பிறகு அரைமணிக்கு ஒரு யோகட் கோப்பை.
பம்பின் வயிற்றுக்குக் கீழே கம்பியால் அதைக் கட்டித்
தொங்கவிட்டபடி ராகலையிலிருந்து கந்தப்பொளைக்கு
ஒரு மாதம் ஓட்டினேன்.
ஒவ்வொரு வளைவிலும் பாதியைப் பாதை குடித்தது.
மிச்சத்தைத் துணியில் வடித்துத் திரும்ப டேங்கில் ஊற்றினேன்.
வரிசையில் நின்று, போனைக் காட்டி, கோட்டாவுக்கு வாங்கிய டீசல்,
கொட்ட யாருக்கு மனசு வரும்?

பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தது வேறொரு பம்ப்.
எந்த ஜீப்பின் வயிற்றில் இருந்ததோ.
அறுபத்தையாயிரம்.
இரண்டு மாத லீக்ஸ், சிங்களப் பேப்பரில் சுற்றி
என் மடியில்.

பிரேமரத்ன பாஸின் மகளுக்கு விடிந்தால் கல்யாணம்.
"நீங்களே கழட்டுங்க தங்கச்சி, நான் போன்ல சொல்றேன்."
அவர் முதுகுக்குப் பின்னால் பைலா, கிளாஸ் மோதும் சத்தம்,
யாரோ அவரை ஆட இழுக்கிறார்கள்.
இங்கே தகரத்தின் கீழ் நானும் ரொபட்டும்.
அவன் டோர்ச் பிடிக்கிறான்,
குளிரில் வெளிச்சமும் சேர்ந்து நடுங்குகிறது.

நான்கு பைப். பதினேழாம் நம்பர் ஸ்பெனர்.
கழற்றக் கழற்ற வாயில் பொலித்தீன் கட்டச் சொன்னார்,
தூசு போனால் எல்லாம் போச்சாம்.
பழைய பம்ப் எந்தக் கோட்டில் நின்றதோ
புதுசும் அங்கேயே நிற்க வேண்டும்:
சிவப்பு நகப்பூச்சால் குறி வைத்தேன்.
"நல்லம், நல்லம். இப்ப புல்லரைப் போடுங்க.
சாவி கவனம். தங்கச்சி, அந்தச் சாவி—"

கந்தப்பொளையில் மழை வந்தால்
முதலில் நனைவது டவர்தான்.

சாவியா?
சட்டைப் பையைத் தொட்டேன். இருந்தது.
"பத்திரம்" என்று ரொபட்டிடம் கொடுத்துவிட்டுப்
புல்லரை முறுக்கினேன்.
ஒரு உதறல். பம்ப் கைக்கு வந்தது.
கூடவே, உள்ளே எங்கோ,
சில்லறை கிணற்றில் விழுந்த மாதிரி
ஒரு சின்னச் சத்தம்.

"வாஷரா இருக்கும்" என்றான் ரொபட்.

தண்டில் அரைநிலா வடிவில் ஒரு பள்ளம், காலியாக.
அப்போதுதான் விளங்கியது.
கராஜில் பையன்களிடம் அவர் கீ என்றுதான் கத்துவார்.
எனக்காக, மரியாதைக்கு,
அதைத் தமிழாக்கியிருக்கிறார் மனுசன்.

சுண்டுவிரல் நகமளவு இரும்பு.
அது பெல்ட்டுக்குள் சிக்கினால் எஞ்சின் மிஞ்சாது.
மணி ஒன்று. நாலு மணிக்குத் தம்புள்ளை லொறி.
பன்னிரண்டு சாக்கு லீக்ஸ் சுவரோரம்
ஈரமாய் மணந்துகொண்டிருந்தது.

ரொபட் ஓடிப்போய், பாடாத ரேடியோவை உடைத்து
ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுவந்தான்.
சாக்கு தைக்கும் நூலில் கட்டி
கவருக்குள் இறக்கினேன்.
முதல் தடவை துருப்பொடி.
இரண்டாம் தடவை ஒன்றுமில்லை.
அப்புறம் எத்தனை தடவை என்று எண்ணவில்லை.
பிறகு நூல் கொஞ்சம் கனத்தது, அல்லது
கனத்தது என்று நினைத்தேன்.
மூச்சு விடாமல் இழுத்தேன்.
காந்தத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு
எண்ணெய் பூசிய பிறை.

பள்ளத்தில் கிரீஸ் தடவி அதை உட்காரவைத்தேன்,
இனி அசையாதே என்று வாய்விட்டே சொன்னேன்.

ஹேண்ட் பம்பை அமுக்கி அமுக்கி
உள்ளங்கையில் கொப்புளம்.
பைப் நட்டுகளைத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடித்தால்
நுரை, வெறும் நுரை, காற்றின் எச்சில்.
அப்புறம் கண்ணாடி மாதிரி டீசல்.
ஒன்றை இறுக்கினேன், ஒரு காலால் நொண்டியது.
இரண்டு. மூன்று.
நாலாவதை இறுக்கியதும்
தகரம் முழுக்க நீலப் புகை.
ரொபட் இருமிக்கொண்டே சிரித்தான்.

லொறி நாலேகாலுக்கு வந்தது, அதுவும் பிந்தித்தான்.

ஐந்தரைக்கு பாஸ் எடுத்தார்.
கோட்டுக்குப் பொத்தான் போடுகிறாராம்.
"சாவி?" என்றார்.
"இருக்கு" என்றேன்.
எந்தச் சாவி என்று
இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

வளைவில் நிறுத்தி பொனட்டைத் திறந்து பார்த்தேன்.
கோப்பை காய்ந்திருந்தது.
கழற்றவில்லை.
இன்னும் ஒரு கிழமைக்குத் தொங்கட்டும்.