வருமானச் சான்று

களியல் வில்லேஜ் ஆபீஸ். மனுவில்
ஒரு கட்டம்தான் இருக்கிறது:
மாத வருமானம், ரூபாயில்.

றோஸ்லெட் கேட்கிறார்,
"எந்த மாசம் சாறே?"

மாசியில் ரப்பர் இலை உதிர்க்கும், வெட்டு இல்லை.
ஆனி ஆடியில் விடியுமுன் ஒரு சாறல் போதும்,
பட்டை நனைந்தால் கத்தி உறையை விட்டு வராது,
கூலியும் வராது.
ஐப்பசியைச் சொல்லவே வேண்டாம்.
மிச்ச நாளில்
முந்நூறு மரம், நெற்றியில் விளக்கு,
அட்டை கடித்த கணுக்கால்.

விரல் மடக்கி எண்ணுகிறார்,
மழை நாட்களை.

போன வருஷம் மழை பொய்த்தது.
ஊரே கிணற்றை எட்டிப் பார்த்தபோது
இவருக்கு நாற்பது நாள் கூடுதல் வெட்டு.
கூட்டிப் பார்க்கிறேன்.
வரம்பைத் தாண்டி நானூற்றுப் பத்து ரூபாய்.
மகளின் நர்சிங் உதவித்தொகை
அந்த நானூற்றுப் பத்துக்கு அந்தப்பக்கம் நிற்கிறது.

"அத சீட்டுக்காரன் அன்னைக்கே கொண்டு போனானே."

அதற்குக் கட்டம் இல்லை.
பேனா மூடியைத் திருகித் திறக்கிறேன், திருகி மூடுகிறேன்.
வரிசையில் இன்னும் பதினொரு பேர்.

தகரத்தில் முதல் துளி.
பிறகு கொத்தாக.
அவர் கூரையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்:
"நாளைக்கு வெட்டில்ல.
எழுதிக்கிடுங்க சாறே."